மறு: ‘தனியுரிமை மென்பொருள்’ – வேறு சொல் வேண்டும்

வணக்கம்.

பயனர் திருத்தவோ பகிரவோ விடாமல் உரிமையாளர் தன் பிடியில் வைத்திருக்கும் மென்பொருளை (proprietary software) ‘தனியுரிமை மென்பொருள்’ என்கிறோம். அதற்கு வேறு சொல் தேடும் இந்த இழையில் பலரும் பல சொற்கள் சொல்லியிருக்கிறீர்கள். என் கருத்து இது.

சென்ற ஞாயிறு கொழும்பு வெள்ளவத்தையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு உபுண்டு என்ற கட்டற்ற (யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய) இயங்குதளத்தை நிறுவிக் காட்டினோம். கையேட்டின் முதல் வரி நான் எழுதியது: ‘தனியுரிமை மென்பொருளிலிருந்து விடுபடுவோம்’. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை வாசித்துவிட்டு, “தனியுரிமை நல்லதெல்லோ தம்பி, அதை ஏன் விடவேணும்?” என்று கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அடுத்த பக்கத்திலேயே, அமைப்புகளில் ‘தனியுரிமை’ (privacy) பகுதிக்குப் போய் இருப்பிடச் சேவையை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் விடச் சொன்னதை மறுபக்கத்தில் காக்கச் சொன்னால் அவர் கேட்கத்தானே செய்வார்.

‘தனியுரிம’ என்று ஐகாரத்தை வெட்டினால் போதும் என்று இங்கே அக்கா ஒருவர் எழுதியிருந்தார். உரிமம் என்பதிலிருந்து வருவதால் இலக்கணப்படி சரிதான். ஆனால் சொல்லின் கடைசி ஐகாரம் பேச்சில் எப்படியும் குறுகித்தான் ஒலிக்கும். வகுப்பில் வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான்.

‘வணிக மென்பொருள்’ கட்டாயம் வேண்டாம். கட்டற்ற மென்பொருளை வைத்தே வணிகம் செய்து வளர்ந்த ரெட் ஹட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் சுமார் 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ‘மூடிய மூலம்’ பாதி தூரம்தான் வரும். மூலநிரலை (source code) பார்க்க விட்டு, திருத்தவோ பகிரவோ விடாத உரிமங்களும் இருக்கின்றன.

‘குத்தகை மென்பொருள்’ என்று தம்பி ஒருவர் போட்டது எனக்கு மிகவும் பிடித்தது. பம்பலப்பிட்டியில் அச்சு வடிவமைப்புச் செய்யும் என் நண்பர், சந்தா முடிந்த அன்று தான் செய்த கோப்புகளையே திறக்க முடியாமல்தான் இங்க்ஸ்கேப், ஜிம்ப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருள்கள் பக்கம் வந்தார். அவருக்கு இந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை. ஆனால் காசே வாங்காமல் தரும் மூடிய மென்பொருளைக் குத்தகை என்று எப்படிச் சொல்வது?

‘கட்டற்ற’ என்பதற்கு எதிராக ‘கட்டுண்ட’ அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு திட்டு ஒளிந்திருக்கிறது. என்விடியா வரைகலை அட்டைக்கு இயக்கி (driver) தேர்ந்தெடுக்கும் சாளரத்தில் இயக்கியின் பெயருக்குப் பக்கத்தில் வரப்போகும் சொல் இது. அங்கே பயனருக்குத் தகவல் போதும், நம் தீர்ப்பு வேண்டாம்.

ஆகவே என் தெரிவு ‘தனியுடைமை மென்பொருள்’. இங்கே பிரச்சினை சொத்தைப் பற்றியது. நம் நாட்டுச் சட்டத் தமிழே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தில் ‘புலமைச் சொத்து’ (intellectual property) என்றுதான் சொல்கிறது. அப்படியானால் மற்றது பொதுவுடைமையா என்று சிலர் சிரிப்பார்கள். இல்லை. கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் (GPL) உரிமமே பதிப்புரிமையின் மேல்தான் நிற்கிறது, கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரே ஒஃபிஸின் நிரலுக்கும் உரிமையாளர்கள் உண்டு. அந்தப் பக்கத்துக்குக் ‘கட்டற்ற’ ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

கையேட்டை வெள்ளிக்கிழமை மறுபடி அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் வரியை மாற்றியாயிற்று. இயக்கி வரியில் மட்டும் இடம் போதவில்லை. ‘உடைமை இயக்கி’ என்று சுருக்கினால் விளங்குமா, அல்லது வேறு ஏதாவது நினைக்கத் தோன்றுமா? வெள்ளிக்கு முன் யாராவது சொல்லுங்கள்.