4ஜி சிம்மில் ஓடும் இலை சென்டர்களுக்கு அப்டேட் போகவே மாட்டேங்குது, பைப்லைனை (அப்டேட்டைத் தானாகக் கட்டி அனுப்பும் வரிசை) எப்படி அமைப்பது?

கோத்தகிரி_இலை:
வணக்கம். கோத்தகிரியைச் சுத்தி 14 இடத்துல பச்சைத் தேயிலை எடை போடற சென்டர் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ராஸ்பெர்ரி பை போர்டு. அதுல டாக்கர் கன்டெய்னர்ல (ஆப்பைத் தனிப் பெட்டியா ஓட்டற வழி) நோட் ஆப், எஸ்கியூலைட் டேட்டாபேஸ். நெட் வரும்போது பதிவெல்லாம் ஃபேக்டரி சர்வருக்குப் போயிடும். மெயின் பிராஞ்ச்ல மெர்ஜ் ஆனதும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இமேஜ் (கன்டெய்னரை ஓட்டறதுக்கான பேக்கேஜ்) கட்டி, எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருந்து போர்டுக்குள்ள நுழையற வழி) போய் ஏத்தற மாதிரி எழுதியிருக்கேன். எஸ்எஸ்ஹெச் உள்ளயே போகலை, சென்டர்ல எல்லாம் 4ஜி சிம். கையால ஏத்தினா 'எக்ஸெக் ஃபார்மட் எரர்'. அடுத்த ரிலீஸ்ல டேட்டாபேஸ்ல 'கழிவு'ங்கற (எடையில கழிக்கறது) ஒரே காலம் (நெடுவரிசை) ஈரக் கழிவு, சாக்கு எடைன்னு ரெண்டாப் பிரியுது. ஜூன்ல மழை பிடிச்சா கரன்ட்டையும் நம்ப முடியாது. வழி சொல்லுங்க.

குன்னூர்_டெவ்:
எரர் சுலபம். ஆக்‌ஷன்ஸ்ல வழக்கமா எடுக்கற உபுண்டு ரன்னர் (இமேஜ் கட்டற மெஷின்) இன்டெல் வகை ப்ராசஸர், உங்க போர்டு ஆர்ம் வகை. பில்ட்எக்ஸ்ல (டாக்கரோட பில்ட் டூல்) பிளாட்ஃபார்ம் 'லினக்ஸ்/ஆர்ம்64'னு கொடுங்க. அதுக்கு முன்னாடி 14 போர்டுலயும் 'டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்' அடிச்சுப் பாருங்க. 'யூநேம் -எம்' மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கெர்னல் 64 பிட்டா இருந்தும் மத்ததெல்லாம் 32 பிட்டா இருக்கற போர்டு உண்டு. 'ஆர்ம்ஹெச்எஃப்'னு (32 பிட்) வந்தா ஓஎஸ்ஸை மாத்திடுங்க.

எஸ்எஸ்ஹெச்சை விட்டுடுங்க. ரவுட்டர்ல ஐபி 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா, அது பல பேர் பங்கு போட்டுக்கற முகவரி. வெளியில இருந்து யாரும் உள்ள வர முடியாது. உள்ள இருந்து வெளிய போகலாம், அதனால போர்டே வந்து எடுத்துக்கட்டும். பைப்லைனோட வேலை டெஸ்ட், பில்ட், ரெஜிஸ்ட்ரில (இமேஜ் வைக்கற இடம்) போடறதோட முடியணும். இமேஜோட டேக் (வெர்ஷன் அடையாளம்) 'லேட்டஸ்ட்' வேண்டாம், கோடோட கமிட் நம்பரையே வைங்க. இல்லைன்னா எந்த சென்டர்ல எது ஓடுதுன்னே தெரியாது. சர்வர்ல ஒரு சின்ன ஜேசான் ஃபைல், அதுல 'முன்னோட்டம்', 'பொது'ன்னு ரெண்டு வரி. ஒவ்வொரு போர்டும் தன் வரியைப் படிச்சு அந்த இமேஜை இழுக்கும். முன்னோட்டத்துல ஒரே ஒரு சென்டர். அங்க ரெண்டு நாள் எடை சரியா ஓடினதும் ஆக்‌ஷன்ஸ்ல மேனுவல் ட்ரிகர் வைச்சு ஒருத்தர் பட்டனை அழுத்தினா 'பொது' மாறணும். அந்தப் பட்டன் மனுஷன் கையிலயே இருக்கட்டும்.

சிஸ்டம்டி டைமரை (லினக்ஸ்ல நேரம் வைச்சு வேலை ஓட்டறது) ராத்திரி 2 மணிக்கு வைப்பீங்க. 'பெர்சிஸ்டன்ட்' போட்டிருந்தா, ராத்திரி கரன்ட் இல்லாத போர்டு காலைல ஆன் ஆனதுமே விட்டுப்போன அப்டேட்டை ஓட்டும், அதுவும் சாக்கு வரிசையில நிக்கற நேரத்துல. ஸ்கிரிப்ட் முதல் வேலையா கடைசி எடைப் பதிவைப் பார்க்கட்டும், 30 நிமிஷத்துக்குள்ள இருந்தா ஒண்ணும் செய்யாம வெளிய வந்துடட்டும்.

மஞ்சூர்_டேட்டா:
நான் பயப்படுவது அந்தக் 'கழிவு' காலத்தைப் பற்றித்தான். ஒரே ரிலீஸில் பிரிக்காதீர்கள். முதல் ரிலீஸில் இரண்டு புதுக் காலங்களைச் சேருங்கள். ஆப் பழையதிலும் புதியதிலும் சேர்த்தே எழுதட்டும். அடுத்த ரிலீஸில் புதியதிலிருந்து மட்டும் படியுங்கள். பதினான்கு சென்டரும் அதற்கு வந்துவிட்டன என்று உறுதியான பிறகுதான் பழைய காலத்தை நீக்க வேண்டும். அதற்கு, ஒவ்வொரு முறை சின்க் ஆகும்போதும் போர்டு தன் வெர்ஷனை அனுப்ப வேண்டும். ஒரு வாரம் நெட் இல்லாத சென்டர் இரண்டு ரிலீஸ் பின்தங்கி வரும், ஃபேக்டரி சர்வர் அதன் பதிவையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மைக்ரேஷனுக்கு (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவதற்கு) முன் பேக்கப் எடுக்க, ஃபைலை அப்படியே நகலெடுக்கும் 'சிபி' கட்டளை கூடாது. எஸ்கியூலைட்டின் வால் மோடில் (எழுதுவதை முதலில் லாக் ஃபைலில் போடும் முறை) கடைசிப் பதிவுகள் தனி ஃபைலில் இருக்கும், அவை நகலில் வராமல் போகலாம். எஸ்கியூலைட்டின் 'வேக்கம் இன்டூ' கட்டளையைப் பயன்படுத்துங்கள். 'சிங்க்ரோனஸ்' (பதிவு டிஸ்கில் சேர்ந்ததை எவ்வளவு உறுதி செய்வது என்ற அமைப்பு) மதிப்பு 'ஃபுல்' ஆகவே இருக்கட்டும். 'நார்மல்' வைத்தால் டேட்டாபேஸ் கெடாது, ஆனால் கரன்ட் போன நொடியில் போட்ட எடை காணாமல் போகலாம். அது ஒரு விவசாயியின் காசு.

ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது) செய்யும்போது இமேஜ் மட்டும் பின்னால் போக வேண்டும். பேக்கப்பைத் திருப்பி வைத்தால், நடுவில் போட்ட எடைகள் அழிந்துவிடும்.

கோத்தகிரி_இலை:
ரொம்ப நன்றி. ரோல்பேக் எப்போன்னு போர்டு எப்படி முடிவு பண்ணும்? இமேஜும் 1 ஜிபி தாண்டுது.

குன்னூர்_டெவ்:
இமேஜைச் சின்னதாக்க மல்டி ஸ்டேஜ் பில்ட் (கட்டறதுக்கு மட்டும் வேண்டியதைக் கடைசி இமேஜ்ல சேர்க்காதது), ஸ்லிம் பேஸ் (சின்ன அடிப்படை இமேஜ்). டாக்கர்ஃபைல்ல பேக்கேஜ் ஃபைல்களை முதல்ல காப்பி பண்ணி இன்ஸ்டால் முடிச்சிட்டு, கோடைக் கடைசியா காப்பி பண்ணுங்க. டிபென்டென்ஸி (ஆப்புக்கு வேண்டிய பேக்கேஜ்) மாறாம, பழைய பில்ட் கேஷும் கிடைச்சா மேல் லேயர் (அடுக்கு) மட்டும்தான் இறங்கும்.

ஹெல்த் செக் (ஆப் ஓடுதான்னு பார்க்கற சோதனை) 200, அதாவது 'சரி'ன்னு, கொடுத்தா மட்டும் பத்தாது. டேட்டாபேஸ்ல எழுத முடியுதா, தராசு போர்ட் திறக்குதான்னு ரெண்டையும் பார்க்கணும். தராசை 'டிடிஒய்யூஎஸ்பி0'ன்னு கட்டாதீங்க, ரீபூட்ல அது 1 ஆகிடலாம். 'சீரியல்/பை-ஐடி' பாதையைக் கொடுங்க. 60 நொடிக்குள்ள சரியா வரலைன்னா பழைய இமேஜை ஓட்டணும். அதுக்குப் பழையது போர்டுலயே இருக்கணும். இடம் மிச்சம் பண்ண கிரான்ல (நேரம் வைச்சு ஓடற வேலைப் பட்டியல்) 'டாக்கர் இமேஜ் ப்ரூன் -ஏ' போட்டிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க. எந்தக் கன்டெய்னரும் பயன்படுத்தாத இமேஜ் எல்லாத்தையும் அது துடைச்சிடும், அப்புறம் திரும்பிப் போக நெட் வேணும்.