இரண்டு நாளில் பத்மநாபபுரமும் குமரிமுனையும்: வேன் பேக்கேஜா, தேர்ந்தெடுத்த சில இடங்களா?

வடசேரி வாசகன்:

தஞ்சாவூரிலிருந்து என் மனைவியின் பெரியம்மா குடும்பத்தார் பன்னிரண்டு பேர் வருகிற சனிக்கிழமை காலை நாகர்கோவில் சந்திப்பில் வந்து இறங்குகிறார்கள். ஞாயிறு இரவு ரயிலில் திரும்புகிறார்கள். பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இருவருக்கு முழங்கால் வலி உண்டு. வேன் ஏற்பாடு செய்பவர் ஒருவர் முதல் நாளிலேயே ஒன்பது இடங்களைக் காட்டிவிடுவதாகச் சொல்கிறார்: விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, காந்தி மண்டபம், வட்டக்கோட்டை, சுசீந்திரம், நாகராஜா கோவில், உதயகிரிக் கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம். மறுநாள் திற்பரப்பு அருவியும் முட்டம் கடற்கரையும். என் மைத்துனர் இதையே பேசி முடித்துவிடலாம் என்கிறார். வருகிறவர்களோ பழைய திருவிதாங்கூர்த் தலைநகரான பத்மநாபபுரத்தை விவரம் தெரிந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வழிகாட்டி ஒருவரை அமர்த்துவதா, அமர்த்தினால் எந்த இடத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேளிமலை:

அந்தப் பட்டியலை ஏற்காதீர்கள். குமரிமுனையில் தொடங்கி மாத்தூரில் முடியும் பயணம் மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போவது. நாகர்கோவிலுக்குள்ளும் அரண்மனைக்கு அருகிலுள்ள தக்கலைக்குள்ளும் சனிக்கிழமை நெரிசலில் வண்டி ஊர்ந்துதான் செல்லும். படகுத்துறை வரிசையையும் சேர்த்துக் கணக்கிட்டால், அரண்மனை வாசலை எட்டும்போது மாலை நான்கு மணி ஆகியிருக்கும். அரண்மனையோ காலை 9 மணிக்குத் திறந்து, நடுவில் மதிய இடைவேளை விட்டு, மாலை 4.30 மணியோடு நுழைவை முடித்துக்கொள்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. பேக்கேஜில் வருகிறவர்கள் பூமுகம் என்னும் முன்கூடத்தின் மரவேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குத் தள்ளப்பட்டு, அரை மணி நேரத்தில் செருப்புக் கூடத்தில் வந்து நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த வளாகத்துக்கு மட்டும் குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு முதலியவற்றைக் குழைத்துப் பூசி மெருகேற்றிய கருந்தரை அது; பலகணியில் பதித்த வண்ண மைக்காத் தகடுகள் வழியே விழும் வெளிச்சம் அதில் நீர்மேல் கிடப்பதுபோல் கிடக்கும். இரண்டு தளங்களில் நாள்தோறும் இரண்டாயிரம் பேருக்குச் சோறிட்டதாகச் சொல்லப்படும் ஊட்டுப்புரை, வளாகத்திலேயே பழமையான தாய்க்கொட்டாரம், கல்லில் இழைத்த நவராத்திரி மண்டபம் ஆகியவற்றை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தால் எதுவும் மனத்தில் தங்காது.

இந்த அரண்மனையைத் தனியாகப் பார்ப்பதைவிட, மார்த்தாண்ட வர்மா ஆட்சிக்கு வந்த 1729 முதல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்ட 1795 வரையிலான ஒரே கதையாகப் பாருங்கள். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாய், பிறகு இதே அரசருக்காகப் படையைப் பயிற்றுவித்து உதயகிரிக் கோட்டையைத் திருத்திக் கட்டினார். வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் எழுந்ததுதான். அரண்மனையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள புலியூர்க்குறிச்சியில், கோட்டைக்குள் இடிந்த தேவாலயச் சுவர்களுக்கு நடுவே, 1777இல் இறந்த அவருடைய கல்லறை லத்தீனிலும் தமிழிலும் பொறித்த எழுத்துகளோடு கிடக்கிறது. காலையில் அரண்மனை, மாலையில் கோட்டை: சனிக்கிழமைக்கு இவ்வளவு போதும்.

கோட்டாறு சாலை:

வேளிமலை ஐயா சொல்வது படிப்பதற்கு நன்றாக இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர்ச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு அரண்மனை புதிதல்ல. பெரிய கோவிலையும் மராட்டியர் அரண்மனையையும் தினம் பார்த்து வளர்ந்தவர்கள். குமரிமுனைக்கு வருகிற யாராக இருந்தாலும் முதலில் கேட்பது கடலைத்தான். முதல் நாள் முழுக்கத் தக்கலையில் வைத்துக்கொண்டால், மாலைக்குள் பெரியவர்கள் "கடலை எப்போது காட்டுவீர்கள்" என்று கேட்டுவிடுவார்கள். ஒன்பது இடம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேன்காரர்கள் வகுக்கும் வரிசையை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. காலை 8 மணிக்குப் படகு தொடங்கும் நேரத்தில் துறையில் நிற்பவர்கள் ஒரு மணி நேரத்தில் கரையேறிவிடலாம். பத்து மணிக்குப் போகிறவர்கள் வெயிலில் வரிசையில் வாட வேண்டும். கோவில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் இடைப்பட்ட நேரத்தைக் கோட்டைக்குத் தள்ளுகிறோம். அந்த வரிசையெல்லாம் அனுபவத்தில் வந்தது.

வழிகாட்டி பற்றியும் ஒரு சொல். அரண்மனைக்குள் அறைக்கு அறை நிற்கும் ஊழியர்களே தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம் சொல்கிறார்கள். அதற்கு மேல் வெளியிலிருந்து ஒருவரை அழைத்துச் சென்று பணம் கொடுப்பது எதற்கு?

விளவங்கோடு:

இருவரின் திட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. ஒருவர் அரசரின் கதையை முழுமையாகக் கேட்கச் சொல்கிறார். மற்றவர் அதைச் சுருக்கமாகக் கேட்டால் போதும் என்கிறார். இந்த மாவட்டத்தின் வரலாறு அரசரோடு தொடங்கியதும் இல்லை, முடிந்ததும் இல்லை.

சிதறால் மலையை யாருமே சொல்லவில்லையே. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் அது சமணர் பள்ளியாக இருந்தது. குரத்தி எனப்பட்ட சமணப் பெண் துறவி ஒருவர் பொன்னணி வழங்கியதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பாறையின் பக்கவாட்டில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டு வந்தால்தான், பிற்பாடு அது பகவதி கோவிலான கதை விளங்கும். நாகர்கோவில் நாகராஜா கோவிலிலும் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். சமணப் பண்டிதர்களுக்கு நிலம் விட்ட செய்தியைப் பதினாறாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் தருகின்றன. பால் ஊற்றி வணங்கிவிட்டு அந்தத் தூண்களைத் திரும்பிப் பாராமல் வருகிறவர்களே அதிகம்.

வழிகாட்டி எதற்கு என்று கோட்டாறு சாலை அண்ணாச்சி கேட்கிறார். சுசீந்திரத்தில் இசைத்தூணைத் தட்டிக் காட்டவும், பதினெட்டடி ஆஞ்சநேயரைக் காட்டவும் வழிகாட்டி தேவையில்லை. அதே கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. 1936ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை பெருந்தொகையான மக்கள் உள்ளேயே போக முடியாது. அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். அங்கிருந்து சிறிது தூரத்தில் சாமித்தோப்பு இருக்கிறது. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களிடம் அதைக் கட்டிக்கொண்டே வணங்குங்கள் என்று அய்யா வைகுண்டர் சொன்ன இடம் அது; இன்றும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள், எதிரே சிலைக்குப் பதில் நிலைக்கண்ணாடி இருக்கும். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டமும் அதையொட்டி வந்த 1859ஆம் ஆண்டுப் பிரகடனமும் தெரியாமல் பத்மநாபபுரத்தின் அழகை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதிக் கதை.

வேளிமலை:

சகோதரி சொல்லும் வரலாற்றை நான் மறுக்கவில்லை. அதை இரண்டு நாளுக்குள் திணிப்பதைத்தான் மறுக்கிறேன். சிதறாலுக்குக் கல்பாவிய பாதையில் நடந்து ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள இருவரை அங்கே ஏற்றுவது யார்? அவர்களைக் கீழே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போனால், கீழே இருப்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழிப்பார்கள்?

அரண்மனை ஊழியர்களின் விளக்கம் போதும் என்ற கருத்தையும் ஏற்க முடியவில்லை. அறுபத்து நான்கு வகை மூலிகை மரத்தால் ஆன கட்டில், இளைஞர்கள் படையில் சேரத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்த உருண்டைக் கல், சாரோட்டுக் கொட்டாரம் என்னும் இன்னொரு அரண்மனைக்குப் போவதாகச் சொல்லப்படும் சுரங்கப்பாதை என்று மனப்பாடமாக வரும் நான்கு செய்திகளை அவர்கள் சொல்கிறார்கள். கூட்டத்தை நகர்த்துவதே அவர்கள் வேலை, அதில் குறை காண மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் இந்த வளாகத்தை ஏன் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது, 1956இல் இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது என்ன நடந்தது என்று ஓர் ஆசிரியர் கேட்டால், அடுத்த அறை காத்திருக்கிறது என்பதுதான் பதிலாக வரும். அதனால் வெளியிலிருந்து ஒருவர் தேவை. அவர் அரண்மனைக்குள் பேச வேண்டியதில்லை. காலையில் வண்டியில் போகும்போதே பேசிவிடட்டும்.

கோட்டாறு சாலை:

வண்டியில் பேசுவது நல்ல யோசனை. அதற்குச் செலவும் குறைவு. ஆனால் ஐயா, காலையில் ரயிலில் இருந்து இறங்கியவர்களுக்கு முதல் அரை மணி நேரம் காப்பியும் இட்லியும்தான் வரலாறு.

என் கணக்கைச் சொல்கிறேன். மாவட்டத்தை நாகர்கோவிலை வைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேற்கே ஒரு நாள், கிழக்கே ஒரு நாள். ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஓடுவதுதான் பேக்கேஜின் தவறு, வேன் எடுப்பது தவறில்லை. இடத்துக்கு இவ்வளவு என்று பேசாமல், நாள் வாடகைக்கும் கிலோமீட்டருக்கும் பேசி வண்டியை எடுத்தால் ஓட்டுநர் உங்களை விரட்ட மாட்டார். சனிக்கிழமை மேற்கே அரண்மனையும் கோட்டையும் பார்க்கட்டும். ஞாயிறு விடியலில் குமரிமுனை. முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகு விட மாட்டார்கள். இப்போது விவேகானந்தர் பாறையில் இறங்கி, 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே சிலைக்குப் போய்விடலாம், முழங்கால் வலிக்காரர்களுக்குப் படகு மாறி ஏறும் தொல்லை ஒன்று குறைந்தது. வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

சாமித்தோப்பு வழியில்தான் இருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம். சிதறால் வேண்டாம் என்பதில் வேளிமலை ஐயா பக்கம் நிற்கிறேன்.

மட்டிப்பழம்:

வேன் இல்லாமலும் முடியும் என்று சொல்லிவைக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் குமரிக்கும், தக்கலைக்கும் பேருந்து அடிக்கடி உண்டு. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பன்னிரண்டு பேர், அதிலும் வயதானவர்கள் என்றால் வேனே சரி; நான்கு பேர் கொண்ட குடும்பங்கள் இந்த விவாதத்தைப் படித்துப் பயந்துவிட வேண்டாம்.

விளவங்கோடு:

சிதறாலை நீங்கள் நீக்கினால் நாகராஜா கோவில் தூண்களையாவது நீக்காதீர்கள். நகருக்குள்ளேயே இருப்பதால் ஏறவும் வேண்டாம், வண்டிச் செலவும் இல்லை. கோட்டாறு சவேரியார் பேராலயத்தையும் சேருங்கள். டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1752இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்டு, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. உதயகிரியில் டிலனாயின் கல்லறையைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தால், வேளிமலை ஐயா விரும்பும் அதே பதினெட்டாம் நூற்றாண்டுக் கதையை அரசருக்கு வெளியே நின்றும் கேட்டதாக ஆகும்.

வழிகாட்டியை அமர்த்தும் முன் தொலைபேசியில் இரண்டே கேள்வி கேளுங்கள்: நாகராஜா கோவில் தூணில் இருக்கும் சமண உருவங்கள் யார்? சுசீந்திரம் தெருவில் 1926இல் என்ன நடந்தது? தட்டுத்தடுமாறுகிறவருக்கு நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

வேளிமலை:

அந்த இரண்டு கேள்விகளோடு, கடையில் நிறுத்திப் பொருள் வாங்க வைப்பாரா என்ற மூன்றாவதையும் கேட்டுவிடுங்கள். பேராலயத்தை ஏற்கிறேன். ஆனால் சனிக்கிழமை மாலை நாகராஜா கோவிலும் சேர்ந்தால், கோட்டையில் ஒரு மணி நேரத்தை வெட்ட வேண்டியிருக்கும். அதற்கு எனக்குச் சம்மதமில்லை. வேண்டுமானால் ஞாயிறு மாலை, ரயிலுக்கு முன்னால் வையுங்கள்.

வடசேரி வாசகன்:

அனைவருக்கும் நன்றி. பேக்கேஜை விட்டுவிட்டு நாள் வாடகை வண்டிக்குப் பேசிவிட்டேன். சனிக்கிழமை அரண்மனை, தக்கலையில் மதிய உணவு, உதயகிரி. ஞாயிறு விடியலில் குமரிமுனை, காலை 8 மணிக்குப் படகு, சுசீந்திரத்தில் நடை சாத்துவதற்கு முன் தரிசனம், பிறகு சாமித்தோப்பு, மாலையில் பேராலயமும் நாகராஜா கோவிலும். வட்டக்கோட்டை, மாத்தூர், அருவி, முட்டம் நான்கையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வழிகாட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

வேளிமலை:

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வழிகாட்டி என்பது தலைகீழான ஏற்பாடு. சனிக்கிழமைதான் அவர் அவசியம். வட்டக்கோட்டையை எடுத்ததும் டிலனாய் கதையில் பாதியை எடுத்த மாதிரி.

விளவங்கோடு:

ஞாயிறுதான் சரி. அரண்மனையைப் பற்றிப் படிக்க நிறையவே கிடைக்கிறது. சுசீந்திரம் தெருவைப் பற்றிப் பலகை ஏதும் இல்லை. ஆனால் மாத்தூரை ஏன் எடுத்தீர்கள்? உங்கள் முதல் பட்டியலின் கட்டடங்களில், காமராசர் முயற்சியில் உழவர்களின் பாசனத்துக்காக 1966இல் எழுந்த ஒன்று அது மட்டும்தான். 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீர் பள்ளத்தாக்கைக் கடக்கிறது.

கோட்டாறு சாலை:

சனிக்கிழமை உதயகிரியிலிருந்து மூன்றரைக்குக் கிளம்ப முடிந்தால் மாத்தூருக்குப் போய் வெளிச்சம் இருக்கும்போதே பாலத்தில் நடந்துவிட்டு வரலாம். முழங்கால் வலிக்காரர்கள் பாலத்தின் தொடக்கத்திலேயே நின்று பார்க்கட்டும், கீழே இறங்கும் படிகள் அவர்களுக்கு வேண்டாம். கோட்டையில் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் வேளிமலை ஐயாவிடம் கேட்காதீர்கள்.