புது கிராஸ்போ: 20 யார்டிலேயே அம்பு இடமும் வலமுமாகப் போகிறது, உதவி வேண்டும்

ஏரிக்கரை எழுதியது:
வணக்கம். ஒன்டாரியோவில் பீட்டர்பரோ பக்கம் இருக்கிறேன். மான் வேட்டைக்காக என் முதல் கிராஸ்போவை (துப்பாக்கி போல் விசையை இழுத்து எய்யும் வில்) வாங்கி மூன்று வாரம் ஆகிறது. 185 பவுண்டு இழுவிசை, 400 கிரெய்ன் (சுமார் 26 கிராம்) எடையுள்ள அம்பு, கூடவே வந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி).

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாணை இழுத்துப் பூட்டிய பிறகு வில்லின் அகலம் ஒரு சாண்தான் இருக்கிறது. பரணில் உட்கார்ந்து எந்தப் பக்கம் திருப்பினாலும் கிளையில் தட்டாது. ட்ரிகர் இழுவையில்லாமல் சுத்தமாக விடுகிறது. எடை மட்டும் முன்பக்கம் சாய்கிறது. நின்றபடி எய்தால் ஒரு நிமிடத்தில் இடது கை தளர்ந்துவிடுகிறது. சத்தமும் நான் நினைத்ததைவிட அதிகம்.

இப்போது பிரச்சினை. முதல் இரண்டு மாலைகளில் 20 யார்டில் மூன்று அம்பும் ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் விழுந்தன. போன சனிக்கிழமையிலிருந்து ஒன்று 3 அங்குலம் இடப்பக்கம், அடுத்தது 2 அங்குலம் வலப்பக்கம். உயரம் மட்டும் மாறவில்லை. ஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்தேன், இன்னும் மோசமானது. அக்டோபர் நெருங்குகிறது. இந்த நிலையில் ஒரு மானைக் குறிவைக்க எனக்கு மனம் வரவில்லை. வயிற்றில் அம்பு பட்டு அது காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கக் கூடாது.

பழையநாண் எழுதியது:
தம்பி, இனி ஸ்கோப்பைத் தொடாதீர்கள். உயரம் நிலையாக இருந்து இடம் வலம் மட்டும் அலைகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது நாண் நடுவில் பூட்டியிருக்கிறதா என்பதைத்தான். அம்பின் எடையோ தூரக் கணக்கோ தப்பாக இருந்தால் மேலும் கீழுமாகத்தான் போகும். வில்லைச் சாய்த்துப் பிடித்தாலும் பக்கவாட்டில் விலகும், ஆனால் 20 யார்டில் 3 அங்குலம் விலகாது. நாணைப் பூட்டும்போது கொக்கி வைத்த இழுகயிற்றால் இழுக்கிறீர்களா, வெறுங்கையாலா?

பனித்தடம் எழுதியது:
ஸ்கோப் வளையங்களின் திருகுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்னுடையதில் ஒன்று தளர்ந்து ஒரு மாதம் அலைய வைத்தது. ஸ்கோப்பின் திருகியை எத்தனை கிளிக் திருப்பினீர்கள்? ஒரு கிளிக்குக்கு 100 யார்டில் கால் அங்குலம் நகர்த்தும் ஸ்கோப்பாக இருந்தால், 20 யார்டில் ஒரு அங்குலம் நகர்த்த 20 கிளிக் வேண்டும். நான்கைந்து கிளிக்குக்கு வித்தியாசமே தெரியாது.

ஏரிக்கரை எழுதியது:
திருகுகள் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அண்ணா கேட்டது சரியாகப் பட்டுவிட்டது. முதல் இரண்டு நாள் கயிறு இருந்தது. அப்புறம் அது மைத்துனர் வண்டியில் போய்விட்டது, அதனால் வெறுங்கையால்தான் இழுத்தேன். இன்னொன்று: கூட வந்த மூன்று அம்புகள் போதாமல் தனியாக மூன்று வாங்கினேன். அவற்றின் வால்முனையில், நாண் வந்து தள்ளும் நாக் என்ற துண்டு தட்டையாக இருக்கிறது. வில்லோடு வந்தவற்றில் பிறை வடிவம். அதனால் ஏதாவது ஆகுமா?

பழையநாண் எழுதியது:
அந்தத் தட்டை நாக் அம்புகளை இன்றே தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் வில்லுக்குப் பிறை நாக் என்று கையேடு சொன்னால் வேறெதையும் வைக்கக் கூடாது. பொருந்தாத நாக்கில் நாண் அம்பைத் தள்ளாமல் அதன் மேலாகவோ கீழாகவோ வழுக்கிவிடலாம். அப்போது அது அம்பில்லாமல் விட்டதற்குச் சமம். மொத்த விசையும் வில்லுக்குள்ளேயே இறங்கி லிம்ப் (வளையும் வில்கை) பிளக்கும், நாண் அறும், பக்கத்தில் இருப்பவர் முகத்திலும் படலாம். பிறை நாக்கிலும் பள்ளம் நாணோடு ஒட்டி உட்கார வேண்டும். மற்ற இரண்டிலிருந்து நிறம் வேறான இறகு, அம்பு படுத்திருக்கும் ரெயிலின் பள்ளத்துக்குள் கீழ்நோக்கி இருந்தால் அது தானாகவே அமையும்.

இனி நாண். 185 பவுண்டை வெறுங்கையால் இழுத்தால் வலுவான கை கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிடும். ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே இலக்கில் அங்குலக் கணக்கில் தெரியும். வில்லைப் பூட்டாத நிலையில், ரெயிலின் இரு ஓரமும் நாணைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பேனாவால் கோடு போடுங்கள். பூட்டிய பிறகு இரண்டு கோடுகளும் ரெயிலிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். கயிற்றில் கொக்கிகள் இரண்டும் ரெயிலை ஒட்டி, கைப்பிடிகள் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரே மூச்சில் இழுங்கள். கயிறு இழுக்கும் பாரத்தையும் பாதியாக்கும். எய்யும்போது இடது கைக் கட்டைவிரல் ரெயிலுக்கு மேலே வரவே கூடாது.

ஏரிக்கரை எழுதியது:
கயிறு வந்துவிட்டது. கோடு போட்டு, முதலில் வெறுங்கையால் பூட்டி அளந்தேன்: ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர் விலகியிருந்தது. மறுபடி இழுத்தபோது அடுத்த பக்கம் 2. பூட்டிய வில்லை அப்படியே தளர்த்தக் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு பழைய பிறை நாக் அம்பை இலக்கில் எய்தே இறக்கினேன். கயிற்றால் ஐந்து முறை பூட்டினேன், ஐந்து முறையும் கோடுகள் சமமாக நின்றன. ஸ்கோப்பைத் திரும்ப 20 யார்டுக்குச் சரிசெய்தேன். இப்போது அதே காபிக் கோப்பை அளவு. 30 யார்டில் உள்ளங்கைக்குள் விழுகின்றன.

பனித்தடம் எழுதியது:
மகிழ்ச்சி. ஆனால் பயிற்சி முனையில் நின்றுவிடாதீர்கள். பிராட்ஹெட் (கத்திகள் உள்ள வேட்டை முனை) மாட்டினால் அடிபடும் இடம் மாறலாம், அதுவும் விரியாத நிலையான கத்தி என்றால். வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே முனையை மாட்டி எய்து பாருங்கள். ஒன்டாரியோவில் முனையின் அகலம் குறைந்தது 22 மில்லிமீட்டர், கூரான வெட்டுவிளிம்புகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மானுக்கு இழுவிசை 45 கிலோ போதும், உங்களுடையது அதைப் போல் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில், அதில் சிக்கல் இல்லை.

ஏரிக்கரை எழுதியது:
என்னுடையது 28 மில்லிமீட்டர், மூன்று கத்தி. நேற்று எய்தேன்: மூன்றும் ஒன்றரை அங்குலம் கீழே, வலது பக்கம், ஆனால் ஒன்றையொன்று ஒட்டி. ஸ்கோப்பை அந்த முனைக்கே மாற்றி வைத்துவிட்டேன். சனிக்கிழமை பரணில் ஏறி, கீழ்நோக்கி உட்கார்ந்தபடி எய்து பார்க்கப் போகிறேன். இந்த ஆண்டு 30 யார்டுக்கு மேல் நிற்கும் மானுக்கு நான் அம்பு விடப் போவதில்லை. தட்டை நாக் அம்புகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. அண்ணா இருவருக்கும் நன்றி.