ஆச்சிக்கு இடுப்பு ஆபரேஷன்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி (82 வயது) புறவாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நாளை மறுநாள் பாளையங்கோட்டையில் ஆபரேஷன்.

முழு மயக்கம் கொடுத்தால் வயசாளிகளுக்குப் புத்தி தடுமாறும், முதுகில் ஊசி போட்டு மரக்க வைப்பதே நல்லது என்று வீட்டில் ஒரே பேச்சு. தேடிப் படித்தேன். 2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரை முழு மயக்கம், முதுகு ஊசி என்று இரு பிரிவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் குழப்பம் வந்திருக்கிறது. அதே ஆண்டு வந்த சீன ஆய்விலும் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, எது என்பதை மயக்க டாக்டரிடமே விட்டுவிட்டோம்.

என் பயமெல்லாம் அப்புறம் வரும் ராத்திரிகள்தான். தாத்தா குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் என்னையே யாரென்று கேட்டார். டியூபைப் பிடுங்கப் பார்த்தார். கண்ணாடி, காது மெஷினைச் சீக்கிரம் மாட்டிவிடணும், ராத்திரித் தூக்கம் கெடக் கூடாது என்பது தெரியும். உங்கள் வீட்டில் வேறென்ன செய்தீர்கள்? எத்தனை நாளில் தெளிந்தது? ஆச்சிக்குச் சர்க்கரையும் உண்டு (அல்வாவை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்).