வெள்ளத்தில் போன மூன்றாவது சாவி

2022-ல் நான், அக்கா, தம்பி மூவரும் சேர்ந்து கொஞ்சம் பிட்காயின் வாங்கினோம். அக்கா மகள் படிப்புக்கென்று ஒதுக்கியது. ஒருவர் கையிலேயே இருக்க வேண்டாம் என்று மல்டிசிக் வாலட், அதாவது பல பேர் கையெழுத்தில் இயங்கும் டிஜிட்டல் பணப்பை, போட்டோம். டிஜிட்டல் கையெழுத்துப் போடும் மூன்று ரகசியச் சாவியில் எந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டாலும் பணம் நகரும். கடலூரில் என்னிடம் ஒன்று, புதுச்சேரி லாஸ்பேட்டையில் அக்காவிடம் ஒன்று, ஓசூரில் தம்பியிடம் ஒன்று.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்களுக்கு அடி விழுந்தது அதற்கு அப்புறம்தான். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரில் தென்பெண்ணை பொங்கி, எங்கள் தெருவுக்குள் புகுந்தது. அம்மாவை மாடிக்கு ஏற்றுவதற்குள் கீழே இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஹார்டுவேர் வாலட் (சாவியை வைத்திருக்கும் சின்னக் கருவி), லேப்டாப், சாவி தொலைந்தால் அதைத் திரும்ப உருவாக்க உதவும் 24 சொற்கள் எழுதிய தாள் எல்லாம் சேற்றில். இங்க் பேனாவில் எழுதியிருந்தேன். நீலக் கறைதான் மிச்சம்.

அப்போதும் நான் பதறவில்லை. இன்னும் இரண்டு சாவி இருக்கிறதே! பொங்கலுக்குத் தம்பி வந்தபோது அக்கா வீட்டில் உட்கார்ந்தோம். அவள் லேப்டாப்பை மகள் படிப்புக்காக ஃபார்மட் செய்துவிட்டிருந்தாள், அதிலிருந்த வாலட் அமைப்பும் அழிந்துவிட்டது. சரி, சொற்கள் இருக்கின்றன என்று இருவருடையதையும் போட்டுப் பார்த்தோம். இருப்பு பூஜ்யம். அக்கா அழுதுவிட்டாள்.

காரணம் புரிய அன்று இரவு முழுக்கத் தேவைப்பட்டது. பணம் இருக்கும் முகவரி மூன்று பேரின் பொதுச்சாவிகளையும் (ரகசியச் சாவியிலிருந்து பிறக்கும், கையெழுத்துப் போட உதவாத ஜோடிச் சாவி) சேர்த்து உருவானது. கையெழுத்துப் போட இரண்டு பேர் போதும். ஆனால் அந்த முகவரியைத் திரும்ப உருவாக்க மூவரின் பொதுச்சாவியும் வேண்டும். என் சொற்களோடு என் பொதுச்சாவியும் போய்விட்டது. வாலட் போட்ட அன்றே அந்த விவரம் அடங்கிய அமைப்புக் கோப்பை நகல் எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை.

தம்பி எடுத்திருந்தான். ஓசூருக்குத் திரும்பிய மறுநாள் பழைய பென்டிரைவில் கண்டுபிடித்துக் கூப்பிட்டான். மூவரின் எக்ஸ்பப்பும், அதாவது வாலட்டுக்கான பொதுச்சாவிகளும், அதில் இருந்தன. அவ்வளவுதான், வாலட் திறந்தது. புதிதாக மூன்று சாவி உருவாக்கி அன்றைக்கே பணத்தை மாற்றினோம்.

அந்தக் கோப்பை வைத்து யாரும் பணத்தை எடுக்க முடியாது, எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்கலாம். அதனால் இப்போது மூன்று வீட்டிலும் அச்சிட்டு வைத்திருக்கிறோம். 24 சொற்களை எவர்சில்வர் தகட்டில் பொறித்தாயிற்று. பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்தால் அழகாக வந்திருக்கும், ஆனால் அந்தச் சொற்களை வேறொருவர் பார்க்கக் கூடாதே. எழுத்துப் பஞ்ச் வாங்கி நானே சுத்தியலால் அடித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து போதும் என்பது பெரிய உதவி.

அடுத்த மாதமே, 2025 பிப்ரவரி 21 அன்று, பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனத்தில் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் (பிட்காயின் போன்ற இன்னொரு கிரிப்டோ நாணயம்) திருட்டுப் போனது. அதுவும் பல பேர் கையெழுத்திடும் வாலட்தான். திரையில் வழக்கமான பரிவர்த்தனை போலத் தெரிந்ததற்கு ஒப்புதல் கொடுத்தார்கள், உண்மையில் கையெழுத்தானது வேறொன்று. அதைப் படித்தபின் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஒப்புதல் கேட்பதை விட்டுவிட்டோம். இப்போது போனில் கூப்பிட்டு, அக்கா தன் கருவியின் திரையில் தெரியும் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிப்பாள், நான் என் கருவியில் ஒப்பிடுவேன். அவள் முடிக்கும்வரை பொத்தானில் கை வைப்பதில்லை.