மெனியர் நோயா, ஒற்றைத் தலைவலியா? இரண்டு டொக்டர்கள், இரண்டு பெயர்கள்

கேள்வி (ஹட்டன்):
என் அம்மாவுக்கு வயது 52. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஒன்றரை வருடமாக மாதம் ஒரு முறையாவது தலைச்சுற்று வருகிறது. வந்தால் மூன்று, நான்கு மணி நேரம் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கிடப்பார், வாந்தியும் உண்டு. அதற்கு முன்பே இடது காது அடைத்து, கொழுந்து வாட்டும் மாடியில் விசிறி ஓடுவதுபோல இரைகிறது என்பார். முதலில் பார்த்த டொக்டர், உட்காதைப் பாதிக்கும் மெனியர் நோய் என்று பீட்டாஹிஸ்டின் மாத்திரை கொடுத்தார். இரண்டாமவரோ, தலைவலியும் இருப்பதால் இது ஒற்றைத் தலைவலி சார்ந்த தலைச்சுற்று என்கிறார். கேட்டல் பரிசோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. யாரை நம்புவது?

பதில் 1:
பரிசோதனையை எப்போது செய்தீர்கள் என்பதுதான் முக்கியம். 2015இல் வகுக்கப்பட்ட வரையறைப்படி, மெனியர் என்று உறுதி செய்ய, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் தலைச்சுற்று இரண்டு முறையாவது வந்திருப்பதோடு, அந்தக் காதில் தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்பது குறைந்திருப்பதும் பரிசோதனையில் பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் ஆரம்ப காலத்தில் அந்தக் குறைவு சில நாட்களில் மறைந்துவிடலாம். ஒற்றைத் தலைவலி சார்ந்தது 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் என்பதால், அம்மாவின் நான்கு மணி நேரம் இரண்டுக்கும் பொருந்துகிறது. ஒருவருக்கே இரண்டும் இருப்பதுண்டு. ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்பதால், காது நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம், அதற்காகப் பயந்துவிடாதீர்கள்.

பதில் 2 (தலவாக்கலை):
எனக்கும் இந்தத் தலைச்சுற்று நான்கு வருடமாக இருக்கிறது. முதலில் கழுத்தெலும்புத் தேய்வு என்று சொல்லிக் கழுத்துப் பட்டியும் போடவைத்தார்கள். பிறகு பீட்டாஹிஸ்டின் குணம் தருவதாக நம்பினேன். ஆனால் 2016இல் வெளியான ஜெர்மனிய ஆய்வில், அதை எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் தலைச்சுற்று ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது. தானாகவே கூடிக் குறையும் நோயில் எது மருந்தின் வேலை என்று பிரித்தறிவது கடினம். கருவாட்டையும் மாசிச் சம்பலையும் குறைத்திருக்கிறேன். உப்பைக் குறைப்பதற்கும் வலுவான சான்று இல்லை, ஆனாலும் நட்டமில்லை. காதுக்குள் ஜென்டாமைசின் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், நோயின் பெயர் உறுதியாகும்வரை சம்மதிக்காதீர்கள். அது சமநிலை உறுப்பையே செயலிழக்கச் செய்யும். கேட்கும் திறனும் போகக்கூடும். அதுவரை அம்மாவைச் சரிவான மலைக்கு அனுப்ப வேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தலைச்சுற்று வந்து மூன்று வாரம் கழித்துத்தான் பரிசோதித்தோம். அடுத்த முறை வந்தால் அந்த வாரத்திலேயே கண்டிக்கு அழைத்துப் போகிறேன். நேற்று மாலை 4.10க்குக் காது அடைத்தது, தலை சுற்றவில்லை என்று கலண்டரில் முதல் குறிப்பை எழுதியிருக்கிறோம்.