கடைசி வரி மட்டும் காணோம்: எக்செல்ல ரோ உயரம், காலம் (column) அகலம் படுத்துன பாடு

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்:
மாசி மக நன்கொடை லிஸ்ட். 340 பேர், விலாசத்தோட. ஸ்கிரீன்ல எல்லாம் கச்சிதம். பேப்பர் வெளியே வந்தா விலாசத்துக் கடைசி வரியில இருக்கிற "திருப்பாதிரிப்புலியூர்" குறுக்கால அறுபட்டு, மேல் பாதி மட்டும் தலைய நீட்டிட்டு நிக்குது. எல்லாருக்கும் இல்ல, அங்கொன்னும் இங்கொன்னுமா ஏழெட்டுப் பேருக்கு. அதான் கடுப்பு. மொத்தமா போயிருந்தா முதல் பக்கத்துலயே தெரிஞ்சிருக்கும்.

ஆட்டோஃபிட் (உள்ள இருக்கிற எழுத்துக்கு ஏத்த உயரத்தை எக்செல்லே வச்சுக்கிறது) போட்டுத்தான் இருந்தது. ஸ்கிரீனுக்கு ஒரு கணக்கு, பிரிண்டருக்கு ஒரு கணக்கு. ஒரே எழுத்தோட அகலம் ரெண்டுலயும் துளி வித்தியாசப்படும். ஸ்கிரீன்ல ரெண்டு வரியில முட்டிக்கிட்டு அடங்கினது பிரிண்ட்ல மூணாவது வரிக்கு மடங்குது, உயரம் ரெண்டு வரிக்குத்தான் இருக்குது. ஜூமை 80ல வச்சு சரிபார்த்தா இன்னும் மோசம், வரி மடங்குற இடமே மாறிடும். 100ல வச்சுப் பாருங்க, அதுக்கும் மேல பிரிண்ட் பிரிவ்யூ. இப்போதைக்கு எல்லா ரோவையும் 50 பாயின்ட்டுக்குத் தூக்கி வச்சாச்சு.

ஓ.டி. துறைமுகம்:
இதாவது பரவால்ல. ஏல ரசீதுல சரக்கு விவரத்துக்கு பி-யிலேர்ந்து ஈ வரைக்கும் நாலு செல்லை மெர்ஜ் பண்ணி (ஒன்னா சேர்த்து) வ்ராப் டெக்ஸ்ட் (செல்லுக்குள்ளேயே வரி மடங்குறது) கொடுத்திருந்தது. ரோ கோட்டுல டபுள் கிளிக் பண்ணா ஆடல, அசையல. வஞ்சிரம், சங்கரான்னு நாலு வரி எழுதினா ஒரு வரிதான் தெரியுது. மெர்ஜ் பண்ண செல்லை ஆட்டோஃபிட் கணக்கிலேயே எடுக்காது. அவ்ளோதான் விஷயம்.

வழி: பிரிண்ட் ஏரியாவுக்கு வெளியே ஒரு காலம், இசட்னு வைங்க. அதுல =பி5 போட்டு, அதே ஃபான்ட், அதே சைஸ், வ்ராப். மெர்ஜ் ஆகாத இந்தச் செல்லைப் பார்த்து ஆட்டோஃபிட் ரோ உயரத்தைப் போட்டுக்கும். அகலம் நாலு காலத்துக்கும் சேர்த்து. இங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க. ஒவ்வொன்னும் 10னா கூட்டி 40 போடக் கூடாது. காலிப்ரி 11ல ஒரு எண்ணுக்கு 7 பிக்சல், ஓரத்துக்கு 5 பிக்சல். 10 அகலம்னா 75 பிக்சல், நாலுக்கு 300. ஒரே காலமா 300 வேணும்னா 42.14. இசட் காலத்தை ஒளிச்சு (hide) வைக்காதீங்க. ஃபார்முலா விடை மாறினா ரோ தானா உயராது, ஆட்டோஃபிட் மறுபடி கொடுக்கணும்: ஆல்ட், ஹெச், ஓ, ஏ.

லாஸ்பேட்டை:
அண்ணே, மெர்ஜே எதுக்குன்றேன்? கன்ட்ரோல் 1, அலைன்மென்ட், ஹரிசான்ட்டல்ல "சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்". முடிஞ்சுது. வரிசைப்படுத்துறது (sort), ஃபில்டர் எதுவும் கெடாது. மெர்ஜ் பண்ணவன் கையை உடைக்கணும்.

ஓ.டி. துறைமுகம்:
தம்பி, அது ஒரு வரித் தலைப்புக்கு. வ்ராப் கொடுத்துப் பாரு, முதல் செல்லுக்குள்ளேயே மடங்கி ஏணி மாதிரி இறங்கும். விவரம் நாலு வரி.

நேரு வீதி:
ரெண்டு பேரும் அளவைப் பத்தியே பேசல. உயரம் பாயின்ட்ல, அகலம் எழுத்துக் கணக்குல. ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட். அகலம்ன்றது ஒர்க்புக்கோட நார்மல் ஸ்டைல் ஃபான்ட்ல "0" எத்தனை நுழையும்ங்கிற கணக்கு. காலிப்ரி 11ல சும்மா திறந்தா 8.43, அதாவது 64 பிக்சல். உயரம் 15, அதாவது 20 பிக்சல். உச்சம்: உயரம் 409, அகலம் 255. நார்மல் ஸ்டைல் ஃபான்ட்டை மாத்தினா "0"வோட அகலம் மாறி, ஷீட் முழுக்க ஆடிப்போகும். சதுரக் கட்டம் வேணும்னு ரெண்டுலயும் 15 போடுறவங்க இருக்காங்க, பட்டை பட்டையா வரும். உயரம் 15க்கு அகலம் 2.14, ரெண்டும் 20 பிக்சல்.

அன்னதான டோக்கன் 5 சென்டிமீட்டருக்கு 3 வேணும்னு வச்சுக்குங்க. வியூவில பேஜ் லேஅவுட். இப்ப காலம் தலைப்புல ரைட் கிளிக், காலம் விட்த்னா நேரா சென்டிமீட்டரே கேக்கும். அங்குலமா காட்டினா ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், டிஸ்ப்ளேல ரூலர் யூனிட்டை மாத்துங்க. நார்மல் வியூலயே போடணும்னா 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு 85 பாயின்ட். பேஜ் செட்டப்ல ஸ்கேலிங் 100 சதவீதமா இருக்கணும். "ஃபிட் டு" டிக் ஆகியிருந்தா டோக்கன் சுருங்கிடும், அப்புறம் ஸ்கேலை வச்சு அளந்துட்டு எக்செல்லைத் திட்டக் கூடாது.

பண்ருட்டி:
டோக்கன் யாரு சார் கேட்டா?

மொய் லிஸ்ட்ல கடைசி மொத்தத்துல #####. மாமன் வீட்டுக்காரங்க சுத்தி நின்னு "எவ்ளோப்பா?"ன்னு கேக்குற நேரம் பார்த்து. எண் செல்லைவிட அகலமாயிட்டா பாதி எண்ணைக் காட்டாது, அது நல்லதுதான். அகலத்துக்கு ஆட்டோஃபிட்: ஆல்ட், ஹெச், ஓ, ஐ. தேதி செல்லுல அகலப்படுத்தியும் ##### போகலைன்னா, கழிச்சுக் கழிச்சு தேதி மைனஸுக்குப் போயிருக்கும். ஃபார்முலாவைப் பாருங்க.

நெல்லிக்குப்பம்:
கரும்பு எடை ஷீட்ல 4க்கு அப்புறம் நேரா 11. அன்ஹைட் பத்து தடவை கொடுத்தாச்சு, ம்ஹூம். ரோ எண் நீலக் கலர்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா அது ஃபில்டர் வேலை. கறுப்புன்னா உயரம் ஒரு நூல் அளவுக்கு இறக்கப்பட்டிருக்கும், எக்செல்லைப் பொறுத்தவரை அது ஒளிஞ்ச ரோவே இல்ல. 4லேர்ந்து 11 வரை செலக்ட், ரோ ஹைட் 15. முதல் ரோவே காணோம்னா நேம் பாக்ஸ்ல ஏ1 அடிச்சு என்டர், அப்புறம் ரோ ஹைட்.

வில்லியனூர்:
அகலத்தை மட்டும் வேற ஷீட்டுக்குக் கொண்டுபோக கன்ட்ரோல் ஆல்ட் வி, டபிள்யூ. உயரத்துக்கு அப்படி ஒன்னு கிடையாது. ரோ எண்ணைப் பிடிச்சு முழு ரோவா காப்பி பண்ணாத்தான் உயரமும் வரும்.

மஞ்சக்குப்பத்துக்கு: கையால உயரம் வச்ச ரோ அதுக்கப்புறம் தானா வளராது. நிர்மலா யூஐ (விண்டோஸோட வர்ற தமிழ் ஃபான்ட்) இல்லாத லினக்ஸ் சிஸ்டத்துல திறந்தா வேற தமிழ் ஃபான்ட் வந்து உட்காரும், உயரம் அதே 50ல நிக்கும். அங்கயும் வெட்டும்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்:
50 வேலைக்கு ஆகல. ஏ4ல மார்ஜின் போக உயரம் சுமார் 734 பாயின்ட். ஒவ்வொரு பக்கமும் தலைப்பு ரோவுக்கு 20. ஆட்டோஃபிட்ல ரோ 34, பக்கத்துக்கு 21 பேர், 17 பக்கம். 50ல 14 பேர்தான், 25 பக்கம். எட்டுத் தாளுக்கு யார் காசு? வெட்டுப்பட்ட ஏழெட்டு செல்லுல மட்டும் கடைசில ஆல்ட் என்டர் தட்டி ஒரு வெத்து வரி விட்டு, மொத்தத்துக்கும் ஆட்டோஃபிட். அதே 17 பக்கத்துக்குள்ளயே எல்லாரும் அடங்கிடுறாங்க.